கவ்ஹர் கேட்ட மஹர்

தண்ணீர் இருந்த காலமும் உண்டு, தண்ணீர் இல்லாத காலமும் உண்டு, ஆனால் மாதுளை இல்லாத காலம் அனார்தே ஊருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஈரானின் நடுவே கிடக்கும் உப்புப் பாலைவனத்தின் ஓரத்தில், யஸ்த் நகரத்திலிருந்து மினிபஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் வரும் அந்த ஊரில் எண்பது மண்வீடுகள், ஒரு மசூதி, ஒரு ரொட்டி அடுப்பு, மற்றபடி எங்கு பார்த்தாலும் மாதுளை. ஆறு கிடையாது, ஏரி கிடையாது, மழை எப்போதாவது வழிதவறி வந்தால்தான் உண்டு. அத்தனை மரத்துக்கும் தண்ணீர் கொடுத்தது கனாத். தூரத்து மலையடிவாரத்தில் ஒரு தாய்க்கிணற்றைத் தோண்டி, அங்கிருந்து ஊர்வரைக்கும் பூமிக்கு அடியில் ஆள் குனிந்து போகும் உயரத்துக்குச் சுரங்கம் வெட்டி, அந்த இருட்டு வழியாகவே தண்ணீரை நடத்திக்கொண்டு வந்து ஊர் எல்லையில் வெளியே விட்டிருந்தார்கள் முன்னோர்கள். எத்தனை நூறு வருஷத்துக்கு முன்பு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அந்தத் தண்ணீர் ஆண் தண்ணீர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கனமாக வரும், இரைந்து வரும், கோபம் வந்தால் நின்றுவிடும். ஆணென்றால் அதற்குப் பெண்டாட்டி வேண்டாமா? கனாத் இளைக்கிற வருஷத்தில் ஒரு விதவையை அதற்குக் கட்டிவைப்பது வழக்கம். அவள் மாதம் ஒருமுறை சுரங்கத்துக்குள் போய் அந்த நீரில் குளித்து வருவாள், ஊர் அவளுக்குக் கோதுமை அளக்கும், தண்ணீரும் மனமிறங்கிப் பெருகும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, வீட்டுக்கு வீடு ஆண்களைப் பார்த்திருக்கிற ஊர் அது.

இந்த வருஷம் நவ்ரூஸ் பண்டிகை முடிந்த கையோடு தண்ணீர் விரல் கனத்துக்கு இளைத்துவிட்டபோது, பெரியவர்கள் கவ்ஹரின் கதவைத் தட்டினார்கள். கவ்ஹருக்கு நாற்பத்தொரு வயது. அவள் புருஷன் யதுல்லா கனாத் வெட்டுகிறவன். அந்தத் தொழில்காரர்கள் எல்லோரையும் போல, உள்ளே செத்தால் இதுவே பிணத்துக்குச் சுற்றும் கஃபனாக இருக்கட்டும் என்று வெள்ளைத்துணி உடுத்திக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு முன்பு இறங்கியவன், சுரங்கத்தின் ஒரு கிளை இடிந்து விழ, மேலே வரவில்லை. உடல் கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். ஆக, அவளுக்கு மாப்பிள்ளையாக அவர்கள் கொண்டுவந்தது முதல் புருஷனை விழுங்கிய அதே கனாத்தை.

"ஊர்ல வேற விதவையே இல்லையா, ஆகா?" என்று கவ்ஹர் கேட்டாள். ஐயா என்பதை அங்கே ஆகா என்பார்கள், அம்மா என்பதைக் கானூம் என்பார்கள்.

"இருக்காங்க, கானூம். ஒருத்தருக்கு எண்பது வயசு, இன்னொருத்தருக்குக் கண்ணு தெரியாது" என்றார் ஹெஷ்மத். அவர்தான் ஊரின் மீராப், நம் பக்கத்தில் நீர்கட்டி என்பார்களே அந்த வேலை. அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணத்தை ஒரு பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்குகிற நேரத்தை ஒரு கிண்ணம் என்று வைத்து, இன்னார் தோட்டத்துக்கு இத்தனை கிண்ண நேரம் தண்ணீர் என்று பங்கு பிரிப்பவர். நேர்மையானவர் என்று பெயர். கல்யாணத்தில் கனாத்தின் சார்பாக, மாப்பிள்ளையின் வக்கீலாக, அவரே நிற்பதாக ஏற்பாடு.

கவ்ஹர் சம்மதித்தாள். ஊருக்காகச் சம்மதித்தாள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைத்துக்கொள்ளட்டும்.

கனாத்தின் வாயருகே கல்யாணம் நடந்தது. பெண்கள் அவள் தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துச் சர்க்கரைக் கட்டிகளை உரசினார்கள், கண்ணேறு படாமல் இருக்க எஸ்ஃபந்து விதைகளைத் தணலில் போட்டார்கள். முல்லா சையத் காஸெம் முறைப்படி கேட்டார், சம்மதமா என்று. மணப்பெண் முதல் தடவையே பதில் சொல்லிவிட்டால் அவளுக்கு என்ன மரியாதை இருக்கும்? "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா" என்றார்கள் பெண்கள். இரண்டாம் முறை கேட்டார். "பொண்ணு பன்னீர் எடுத்துவரப் போயிருக்கா." மூன்றாம் முறை கேட்பதற்குமுன் மஹர் என்ன என்று எழுத வேண்டியிருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட பொருள் அது, அவள் கேட்கிற அன்று கொடுத்தாக வேண்டும். எல்லோரும் ஒரு குர்ஆன், ஒரு நிலைக்கண்ணாடி என்று சொல்வாள் என எதிர்பார்த்தார்கள்.

"யதுல்லாவோட உடம்பு" என்றாள் கவ்ஹர்.

சர்க்கரை உரசிக்கொண்டிருந்த பெண்கள் கையை இறக்கினார்கள். முல்லா பேனாவை எடுத்து அப்படியே எழுதினார்.

"இன்னொரு நிபந்தனையும் எழுதுங்க, ஆகா. நான் மாப்பிள்ளை இருக்கற இடத்துக்குப் போகமாட்டேன். அந்த இருட்டுக்குள்ள காலை வைக்கமாட்டேன். நான் எங்க இருக்கேனோ அங்க அவர் வரணும்."

இப்போது ஊரே சிரித்தது, ஏற்கெனவே இறுகிக் கிடந்த மனசுக்கு ஒரு சிரிப்பு தேவையாக இருந்தது. வக்கீலாக நின்ற ஹெஷ்மத்தும் சிரித்துக்கொண்டே, "எழுதுங்க, எழுதுங்க. கனாத் எங்க எழுந்து நடக்கப்போகுது!" என்றார். அவர் கையெழுத்தும் போட்டார். மூன்றாம் முறை கேட்டபோது கவ்ஹர் சம்மதம் என்றாள். காகிதத்தில் எழுதுவதைத் தண்ணீர் படிக்காது என்று நினைத்ததுதான் அந்த ஊர் செய்த தப்பு.

மறுநாள் காலை கவ்ஹர் கதவைத் திறந்தபோது தண்ணீர் வாசலில் நின்றது. முழங்கை அகலத்துக்கு, தெளிந்து, குளிர்ந்து, ஓடை போல நின்றது. அவள் ரொட்டி வாங்கப் போனாள், பின்னாலேயே வந்தது. திரும்பினாள், திரும்பியது. ரொட்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார், கடை முழுக்கச் சேறாகிவிட்டதே என்று. ஒப்பந்தத்தை எடுத்துவரச் சொல்லி, முல்லா அதைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும், "மாப்பிள்ளை மேல தப்பு சொல்ல வழியில்ல" என்றார்.

தண்ணீர் பெருகிவிட்டது என்பதே ஊருக்குப் பெரிது, அது வாய்க்காலில் வராமல் ஒரு பெண்ணின் பின்னால் வருகிறது என்பதை இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஹெஷ்மத் வாய்க்கால் பங்கை மாற்றி எழுதினார். முன்பு இன்னார் தோட்டத்துக்கு நான்கு கிண்ண நேரம் தண்ணீர், இப்போது இன்னார் தோட்டத்துக்கு நான்கு கிண்ண நேரம் கவ்ஹர். அவள் மரத்துக்கு மரம் நடக்க வேண்டும், கிண்ணம் மூழ்கினால் அடுத்த தோட்டம். முதலில் ஒரு கழுதை கொடுத்துப் பார்த்தார்கள், அவள் கால் மண்ணில் படாவிட்டால் தண்ணீர் குழம்பிப்போய் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆகவே கழுதையைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

பதினோரு வருஷமாக அவள் வாசலை எட்டிப் பார்க்காத வீடுகளெல்லாம் இப்போது உபசாரத்தில் ஒன்றையொன்று முந்தின. "கானூம், ஒரு டீ குடிச்சுட்டுத்தான் போகணும், என் உயிர் மேல ஆணை." "உங்க காலடி எங்க கண்ணு மேல." அந்த நாட்டில் உபசார வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது, ஆனால் அனார்தேயில் அப்போதுதான் அது உண்மையிலேயே அவள் காலடியைப் பற்றியதாக இருந்தது. மாதுளை நிழலில் கம்பளம் விரித்து, பிஸ்தா வைத்து, ஊர்க்கதை பேசி, அவளை ஒரு கிண்ணம் கூடுதலாக உட்காரவைக்கப் பார்ப்பார்கள், பக்கத்துத் தோட்டக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமுவான். யாரும் அவளை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. யாரும் அவளை ஒருநாள் வீட்டில் இருக்கவும் விடவில்லை.

அறுபது நாளில் அவள் பாதம் வெளுத்து ஊறி, விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வாசலில் தண்ணீர் நிற்கும், அதனிடம் பேசுவாள்: "நீ நல்லவன்தான். ஆனா எப்ப குடுப்ப?" மஹரைக் குடு என்று நேராகக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது, கேட்டு அது இல்லையென்றால் யதுல்லா அந்த மண்ணிலும் இல்லை என்றாகிவிடுமே என்று.

தீர் மாதம் பிறந்தது. ஈரானில் வெயில் உச்சிக்குப் போகிற மாதம், மாதுளை பிஞ்சு பிடித்துப் பருக்கிற மாதம். அப்போதுதான் யஸ்த்திலிருந்து மருமகன் பீஜனின் போன் வந்தது. கவ்ஹரின் ஒரே மகள் மஹீனுக்கு இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, முகமும் கையும் வீங்கிவிட்டன, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருக்கிறார்கள், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

"கையெழுத்துப் போட மாட்டேங்கறா, அத்தை. அம்மா வராம உள்ள போகமாட்டேன்னு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டா. டாக்டர் நாலு நாள்தான் குடுத்திருக்கார்."

பிறகு மஹீனே பேசினாள். "அம்மா, எனக்கு மூச்சு முட்டுது. அப்பா மாதிரி உள்ளயே போயிடுவேனோன்னு இருக்கு. நீ வந்துடு."

கவ்ஹர் அன்று மசூதி முற்றத்தில் ஊரைக் கூட்டி எட்டு நாள் கேட்டாள். அவள் போனால் தண்ணீரும் போகும் என்று அங்கே சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எட்டு நாள் காய்ந்தால் பிஞ்சு முழுக்க உதிரும், உதிர்ந்தால் அந்த வருஷம் முழுக்க ஊருக்குச் சோறில்லை. அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள், அதில் பொய்யில்லை. மஹீன் கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். கடைசியில் ஹெஷ்மத் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தீர் மாசமா இருக்கே, கானூம்."

அந்தச் சொல்லைக் கவ்ஹர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு, இதே முற்றத்தில், இதே குரல். இடிந்த கிளையைத் தோண்ட வேண்டுமானால் கனாத்தை நான்கு நாள் அடைக்க வேண்டும், தீர் மாசமா இருக்கே என்று பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால் ஹெஷ்மத் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. துக்கத்தில் அதை அவள் அன்று புரிந்துகொள்ளவில்லை. இன்று புரிந்தது. உடல் கிடைக்கவில்லை என்பது பொய். உடலைத் தேடவே இல்லை.

மறுநாள் காலை அவள் ஒரு துணிமூட்டையோடு சாலைக்குக் கிளம்பினாள், தண்ணீர் பின்னால் வந்தது. ஊர் எல்லையில் ஊரே படுத்துக்கிடந்தது. ஒருவரும் அவளைத் தொடவில்லை, ஒருவரும் சத்தம் போடவில்லை. ஆண்களும் பெண்களும் சாலைக்குக் குறுக்கே வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி, முகத்தை மண்ணில் வைத்துப் படுத்து, "உங்க கால்தூசி நாங்க, எங்களை மிதிச்சுட்டுப் போங்க, கானூம்" என்றார்கள். கைக்குழந்தைகளையும் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அடித்துத் தடுத்திருந்தால் அவள் திருப்பி அடித்திருப்பாள். மரியாதையால் கட்டிப்போட்டால் என்ன செய்வது? தூரத்தில் மினிபஸ் டிரைவர் ஃபெரைதூன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. அன்று மாலை பீஜன் போனில் பேசவில்லை, அழுதான்.

மூன்றாம் நாள் காலை கவ்ஹர் முல்லாவின் வீட்டுக்குப் போனாள். தண்ணீர் அவர் முற்றத்தில் பரவியது.

"எனக்கு விவாகரத்து வேணும்."

"நீரடிச்சு நீர் விலகுமாம்மா?" என்று தொடங்கிய சையத் காஸெம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சட்டத்தை மறைக்கிறவர் அல்ல அவர். "பொண்டாட்டி கேட்டா ஒரு வழிதான் இருக்கு. வாங்கின மஹரைத் திருப்பிக் குடுத்து விடுதலை கேட்கணும். புருஷனோட வக்கீல் சரின்னு சொல்லணும். ஆனா உனக்கு இன்னும் மஹரே குடுக்கலையே. வாங்காததை எப்படித் திருப்பித் தருவே?"

"அப்போ வாங்கறேன்" என்றாள் கவ்ஹர்.

உச்சிவெயிலில் அவள் கனாத்தின் வாயருகே நின்றாள். ஊர் திரண்டு நின்றது. கீழே சாலையில் மினிபஸ் வந்து நின்று, டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்தார். வழக்கமாக மூன்று கிண்ண நேரம் நிற்பார். ஹெஷ்மத் பழக்கதோஷத்தில் கிண்ணத்தைப் பானையில் மிதக்கவிட்டார். கவ்ஹர் தண்ணீரைப் பார்த்து, ஊரே கேட்கும்படி, ஆனால் வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னாள்: "என் மஹரைக் குடு."

தொண்ணூறு நாளில் முதல்முறையாகத் தண்ணீர் அவளைவிட்டு விலகியது. பின்வாங்கி, மேட்டுப்பக்கமாகவே ஏறி, கனாத்தின் இருட்டு வாய்க்குள் போய் மறைந்தது, தரையில் ஈரம் மட்டும் மிச்சம். ஒரு கிண்ணம் மூழ்கியது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள், ஊரைக் கெடுத்துவிட்டாள் என்று முதல்முறையாக ஒருவன் வாய்விட்டுச் சொன்னான். இரண்டாவது கிண்ணமும் மூழ்கியது. அதற்குப் பிறகு உள்ளே எங்கோ இரைச்சல் கேட்டது, தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கி வெளியே வந்து, வெள்ளைத்துணியில் சுற்றியிருந்த ஒன்றைக் கவ்ஹரின் காலடியில் மெதுவாக இறக்கிவைத்தது. கூடவே எண்ணெய் வற்றிப்போன ஒரு கைவிளக்கு. கூடவே சுரங்கம் வெட்டுகிற ஒரு கைக்கோடாலி.

கவ்ஹர் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். பதினோரு வருஷம் அவள் அழாத அழுகையை அங்கே அழுதாள், அதை நான் எப்படிச் சொல்வது? எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஹெஷ்மத் பார்த்தது கோடாலியை. இறங்கின அன்று காலை அதைப் புத்தம்புதிதாக யதுல்லாவின் கையில் கொடுத்தவர் அவர்தான். இப்போது அதன் இரும்பு பாதியாகத் தேய்ந்திருந்தது. ஒரு நாள் வேலையில் அப்படித் தேயாது. இரண்டு நாளிலும் தேயாது. இடிந்து விழுந்த அன்று யதுல்லா சாகவில்லை, விளக்கில் எண்ணெய் தீரும்வரையும் தீர்ந்த பிறகும் ஊரைப் பார்த்துத் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறான், மேலே அவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். இது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கவ்ஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெள்ளைத்துணியை மறுபடி சுற்றினாள், சுற்றும்போது அவள் வலதுகை ஒரு கணம் உள்ளே தங்கி மூடியபடி வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூட்டையைத் தண்ணீரில் வைத்தாள்.

"மஹரைத் திருப்பித் தர்றேன். என்னை விட்டுடு."

முல்லா ஹெஷ்மத்தைப் பார்த்தார். சரியென்று அவர் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் எண்பது வீடு நின்றது, அவருடைய சொந்த இருநூறு மரம் நின்றது, அவருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. பானையில் மூன்றாவது கிண்ணம் விளிம்புவரை இறங்கிவிட்டது. கீழே ஹாரன் கேட்டது.

"சொல்லாதீங்க, மீராப்!" என்று ஒருவன் கத்தினான். "தீர் மாசம்!"

ஹெஷ்மத் குனிந்து, மூழ்கப்போன கிண்ணத்தைக் கையால் தூக்கிக் கவிழ்த்தார். ஐம்பது வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. "ஏத்துக்கிட்டேன்" என்றார். "போங்க, கானூம். ஓடுங்க."

தண்ணீர் மூட்டையை ஏந்திக்கொண்டு கனாத்துக்குள் திரும்பிப் போனது. அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது போலக் கவ்ஹருக்குத் தோன்றியது, ஆனால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள், சேற்றுப்புண் காலோடு கல்லும் முள்ளும் பார்க்காமல் ஓடி, நகர ஆரம்பித்த மினிபஸ்ஸின் கம்பியைப் பிடித்துவிட்டாள். யாரும் குறுக்கே படுக்கவில்லை.

மஹீன் நீலம் பாரித்துக் கிடந்தாள். அம்மாவின் இடதுகையைப் பிடித்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள், ஆபரேஷன் அறைக் கதவுவரைக்கும் அந்தக் கையை விடவில்லை. பொழுது சாய்வதற்குமுன் பெண் குழந்தை பிறந்தது. தாய் பிழைத்துக்கொள்வாள், இன்னும் அரை நாள் போயிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெஷ்மத் போனில் கூப்பிட்டார், குழந்தையைப் பற்றிக் கேட்டார், வாழ்த்தினார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கனாத்துல ஒரு சொட்டு இல்ல, கானூம். முன்ன இருந்த விரல் கனம்கூட இல்ல. நீங்க... எதையாவது மறந்து எடுத்துட்டுப் போயிட்டீங்களா?" என்றார்.

"இல்ல, ஆகா" என்றாள் கவ்ஹர். அவள் வலதுகை இன்னும் மூடியே இருந்தது. அதற்குள் யதுல்லாவின் சுண்டுவிரல் எலும்பு இருந்தது, பயறளவுதான் இருக்கும், ஆனால் அந்த அளவுக்கு மஹர் திரும்பவில்லை. மகளுக்கு அப்பாவின் கல்லறை என்று காட்ட அவளிடம் வேறொன்றும் இல்லை.

போனை வைத்த சற்று நேரத்தில் வராந்தாவில் நர்ஸ் சத்தம் போட்டாள். மாடிப்படி ஏறி, வரிசையாக இருந்த அறைகளையெல்லாம் கடந்து, செம்மண் கலங்கல் தெளியாத ஒரு நூல் தண்ணீர் மஹீனின் அறை வாசலில் வந்து நின்றது. மூன்று மணி நேரப் பாலைவனத்தைக் கடந்து வந்த களைப்பு அதில் தெரிந்தது. உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே காத்திருந்தது.

"யாரோட தண்ணி இது?" என்றாள் நர்ஸ்.

கவ்ஹர் பதில் சொல்லவில்லை. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தாள்.

"உங்களைத்தான் கேட்கறேன், யாரோட தண்ணி?"

அப்போதும் பதில் சொல்லவில்லை. வலதுகையை மஹீனின் உள்ளங்கையில் வைத்துத் திறந்தாள். மஹீன் அதைப் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை, நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், வெகுநேரம் கழித்துத் தானாகவே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். கவ்ஹர் குழந்தையோடும் அந்த எலும்போடும் நிலைப்படியில் போய் மண்டியிட்டு, அந்தப் பிஞ்சுப் பாதத்தைத் தண்ணீரில் பட்டும் படாமலும் வைத்தாள்.

நர்ஸ் மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றாள் கவ்ஹர். "பேத்தியைப் பார்க்க வந்திருக்கார். பார்த்துட்டுப் போயிடுவார்."